லாபக் கணக்கில் கைவைத்தார்களா? கணக்கியல் ஆய்வாளர்கள் அளக்கும் முறையும், முடியாத விவாதமும்

ஒரு நிறுவனம் இந்த ஆண்டு 80 லட்சம் ரூபாய் லாபம் என்று அறிவிக்கிறது. அந்தப் பணம் வங்கியில் இருக்கிறதா? பெரும்பாலும் முழுவதும் இருக்காது. விற்ற சரக்குக்குப் பணம் வராமல் இருக்கலாம், வாங்கிய சரக்கு கிடங்கிலேயே கிடக்கலாம். எந்திரத்துக்கு என்றோ கொடுத்த பணத்தின் ஒரு பகுதியை இந்த ஆண்டுச் செலவாக எழுதியிருக்கலாம். இப்படி, லாபத்துக்கும் கையில் வந்த ரொக்கத்துக்கும் நடுவே நிற்கும் தொகைகளைத்தான் அக்ரூவல் என்கிறோம். அதில் நிர்வாகத்தின் மதிப்பீடு கலந்திருக்கிறது. மதிப்பீடு இருக்கும் இடத்தில் விருப்பத்துக்கு ஏற்ப வளைக்கவும் இடம் உண்டு.

அந்த வளைப்புக்கு ஆய்வுலகம் வைத்த பெயர் எர்னிங்ஸ் மேனேஜ்மென்ட். தமிழில் லாப மேலாண்மை எனலாம். கடந்த நாற்பது ஆண்டுகளில் கணக்கியல் ஆய்விதழ்களில் அதிகம் எழுதப்பட்ட தலைப்புகளில் இது ஒன்று. அதை அளக்கும் முறைதான் மிக அதிகமாகத் தாக்கப்பட்டதும். எம்.காம், எம்.ஃபில், பிஎச்.டி. என்று வரும் மாணவர்கள் பலர் இயல்பான அக்ரூவலைக் கணிக்கும் ஜோன்ஸ் மாடலின் சூத்திரத்தை எடுத்து, மென்பொருளில் ஓடவிட்டு, வரும் எண்ணை 'மோசடியின் அளவு' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதற்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்பது தெரிந்தால் அப்படி எழுத மாட்டார்கள்.

முதலில் ஒரு கணக்கு

பம்ப் தயாரிக்கும் ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாம் லட்சம் ரூபாயில், வரியை விட்டுவிடுவோம். விற்பனை 1,000. விற்ற சரக்கின் அடக்கம் 620. ரொக்கமாகக் கொடுத்த இதரச் செலவு 220. தேய்மானம் 60. வராமல் போகக்கூடிய கடனுக்கு முன்கூட்டியே எழுதும் ஐயக்கடன் ஒதுக்கு 20. ஆக லாபம் 80.

இப்போது ரொக்கத்தைப் பார்ப்போம். விற்பனையில் 110 இன்னும் வரவில்லை, அந்த அளவுக்குக் கடனாளிகள் கூடியிருக்கிறார்கள். எனவே வந்தது 890. சரக்கிருப்பு 40 கூடியது, கடனீந்தோருக்கு, அதாவது சரக்கு தந்தவர்களுக்கு, கொடுக்க வேண்டியது 30 கூடியது. அதனால் சரக்குக்காக வெளியே போனது 620 கூட்டல் 40 கழித்தல் 30, அதாவது 630. இதரச் செலவு 220. மிஞ்சிய ரொக்கம் 40. லாபம் 80, செயல்பாட்டு ரொக்கம் 40. வித்தியாசமான 40 லட்சம்தான் மொத்த அக்ரூவல். ஆண்டுத் தொடக்கத்தில் நிறுவனத்தின் மொத்தச் சொத்து 1,000 லட்சம் என்றால், அக்ரூவல் சொத்தில் 4 சதவீதம்.

இனி நிர்வாகம் இரண்டு இடத்தில் கை வைக்கிறது. 600 லட்சத்துக்கு வாங்கிய எந்திரத்துக்குப் பத்து ஆண்டு ஆயுள் என்று வைத்து, ஆண்டுக்கு 60 என்று நான்கு ஆண்டு தேய்மானம் எழுதியாயிற்று. மீதி மதிப்பு 360. மீதி ஆயுளை ஆறு ஆண்டிலிருந்து ஒன்பது ஆண்டாக மாற்றினால் தேய்மானம் 60-இலிருந்து 40-ஆகக் குறையும். ஐயக்கடன் ஒதுக்கை 20-இலிருந்து 10-ஆகக் குறைக்கிறார்கள். லாபம் 80-இலிருந்து 110 ஆகிவிட்டது. ரொக்கம் அதே 40. அக்ரூவல் 40-இலிருந்து 70.

இதில் சட்டவிரோதம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. எந்திரம் உண்மையிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருக்கலாம், கடனாளிகள் ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர்களாக இருக்கலாம். ஒரே பதிவு நேர்மையான மதிப்பீடாகவும் இருக்கலாம், லாபத்தை ஏற்றிக் காட்டும் உத்தியாகவும் இருக்கலாம். ஆய்வாளருக்கு வெளியிலிருந்து தெரிவது எண் மட்டும்தான், நோக்கம் தெரியாது. இந்தத் துறையின் எல்லாச் சண்டைகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இன்னொன்று: 360 லட்சம் எங்கும் போய்விடவில்லை. இன்று எழுதாத தேய்மானத்தைப் பின்னால் வரும் ஆண்டுகள் சுமந்தாக வேண்டும். குறைவாக வைத்த ஒதுக்கு, கடன் வராமல் போகும் ஆண்டில் பெரிய வாராக்கடனாகத் திரும்பி வரும். அக்ரூவலால் ஏற்றிய லாபம் பின்னால் இறங்கியே தீரும். ஒரே நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து இப்படியே ஏற்றிக்கொண்டு போவது கடினம் என்பதற்கு இதுதான் காரணம்.

ஜோன்ஸ் மாடல் எதற்காக வந்தது

1985-இல் பால் ஹீலி நிர்வாகிகளின் போனஸ் திட்டங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். போனஸுக்குக் குறைந்தபட்ச லாப எல்லை ஒன்று இருக்கும். சில திட்டங்களில் உச்ச வரம்பும் இருக்கும். உச்ச வரம்பைத் தாண்டிவிட்டால் மேற்கொண்டு காட்டும் லாபத்தால் பயனில்லை, அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. கீழ் எல்லையைத் தொடவே முடியாது என்றாலும் அப்படியே. இரண்டு நிலையிலும் அக்ரூவல் குறைவாக இருப்பதை ஹீலி காட்டினார். ஆனால் அவர் மொத்த அக்ரூவலையே அளவாக எடுத்தார். லாபம் மிகக் குறைந்த நிறுவனத்தில் அக்ரூவலும் இயல்பாகவே குறைவாகத்தான் இருக்கும் என்ற சிக்கல் அதில் இருந்தது. 1995-இல் ஹோல்ட்ஹவுசன், லார்க்கர், ஸ்லோன் மூவரும் விரிவான போனஸ் விவரங்களோடு மறுபடி பார்த்தபோது, உச்ச வரம்பில் ஹீலி சொன்னது நின்றது, கீழ் எல்லையில் நிற்கவில்லை.

ஆகவே இயல்பான அக்ரூவல் எவ்வளவு என்று முதலில் கணித்து, அதைக் கழிக்க வேண்டும். 1991-இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் செய்தது அதைத்தான். அவர் எடுத்த களம் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம். வெளிநாட்டு இறக்குமதியால் எங்கள் தொழில் நசிகிறது, எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று உள்நாட்டு நிறுவனங்கள் அங்கே முறையிடும். நசிவைக் காட்ட வேண்டிய ஆண்டில் லாபத்தைக் குறைத்துக் காட்டும் தூண்டுதல் இருக்கும் அல்லவா? 23 நிறுவனங்களை வைத்துப் பார்த்தார். விசாரணை நடந்த ஆண்டில் அக்ரூவல் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருந்தது.

அந்த மாடலின் உள்ளடக்கம் எளிது. விற்பனை கூடினால் கடனாளிகளும் சரக்கும் கூடும், எனவே விற்பனை மாற்றம் ஒரு காரணி. நிலைச் சொத்து எவ்வளவோ அவ்வளவு தேய்மானம், எனவே மொத்த நிலைச் சொத்து இன்னொரு காரணி. எல்லாவற்றையும் முந்தைய ஆண்டு இறுதியின் மொத்தச் சொத்தால் வகுக்க வேண்டும். பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்தை மூழ்கடிக்காமல் இருக்கத்தான் அந்த வகுத்தல். ஜோன்ஸ் ஒவ்வொரு நிறுவனத்தின் பல்லாண்டுக் கணக்கை வைத்து, ஒவ்வொரு காரணிக்கும் எவ்வளவு எடை என்று சொல்லும் கெழுக்களைக் கணித்தார். பின்னால் வந்தவர்கள் ஒரே ஆண்டில் ஒரே தொழிலைச் சேர்ந்த நிறுவனங்களை ஒன்றாகப் போட்டுக் கணிக்கத் தொடங்கினார்கள். இன்று பெரும்பாலும் இந்த இரண்டாவது முறைதான்.

நம் பம்ப் நிறுவனத்துக்கே வருவோம். அதன் தொழிலில் அந்த ஆண்டு கிடைத்த சமன்பாடு இப்படி என்று வைத்துக்கொள்வோம்: மாறிலி 0.01, விற்பனை மாற்றத்தின் கெழு 0.10, நிலைச் சொத்தின் கெழு மைனஸ் 0.06. விற்பனை 850-இலிருந்து 1,000-ஆக உயர்ந்தது, ஆக மாற்றம் சொத்தில் 0.15. நிலைச் சொத்து 600, ஆக 0.60. எதிர்பார்க்கும் அக்ரூவல் 0.01 கூட்டல் 0.015 கழித்தல் 0.036, அதாவது மைனஸ் 0.011. ரூபாயில் மைனஸ் 11 லட்சம். மைனஸ் வருவதில் வியப்பில்லை. தேய்மானம் காரணமாக மொத்த அக்ரூவல் சராசரியாக எதிர்மறையாகத்தான் இருக்கும்.

உண்மையில் இருந்த அக்ரூவல் பிளஸ் 70. வித்தியாசம் 81 லட்சம். ஆய்வுக் கட்டுரையில் இதை 'விருப்புரிமை அக்ரூவல்', அதாவது நிர்வாகம் தன் விருப்பப்படி சேர்த்தது என்று அட்டவணையில் போடுவார்கள்.

ஆனால் நிர்வாகம் கை வைத்தது 30 லட்சத்தில் மட்டும்தான். அது எதையுமே செய்யாமல் இருந்திருந்தால் அக்ரூவல் 40, அப்போதும் மாடல் 51 லட்சத்தை 'விருப்புரிமை' என்று காட்டியிருக்கும். அந்த 51 எங்கிருந்து வந்தது? பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு நீண்ட தவணை கொடுத்திருக்கலாம், அடுத்த பருவத்துக்குச் சரக்கு சேர்த்திருக்கலாம். தொழிலின் சராசரியிலிருந்து இந்த நிறுவனம் விலகி நிற்கிறது, அவ்வளவுதான். விலகல் எல்லாம் வளைப்பு ஆகாது. இந்த மாடலைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் மனத்தில் நிற்கும் என்றால், 81-க்கும் 30-க்கும் உள்ள இந்த இடைவெளி நிற்கட்டும்.

திருத்தமும் திருத்தத்தின் திருத்தமும்

1995-இல் டெச்சோ, ஸ்லோன், ஸ்வீனி மூவரும் வெளியிட்ட கட்டுரையை இந்தத் துறையில் நுழையும் யாரும் தாண்டிப் போக முடியாது. கடன் விற்பனையையே போலியாக எழுதினால், விற்பனை மாற்றமும் அதோடு உயர்ந்து, மாடல் அதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளுமே என்பது அவர்களுடைய கவலை. எனவே கெழுக்களைக் கணித்த பிறகு, சந்தேகத்துக்குரிய ஆண்டில் விற்பனை மாற்றத்திலிருந்து கடனாளிகளின் மாற்றத்தைக் கழித்தார்கள். இதுதான் திருத்திய ஜோன்ஸ் மாடல். நம் கணக்கில் ஒதுக்கு போகக் கடனாளிகள் 100 கூடியிருக்கிறார்கள். 150-இலிருந்து 100 போனால் 50. எதிர்பார்க்கும் அக்ரூவல் மைனஸ் 21 லட்சம், வித்தியாசம் 91 லட்சம். கடன் விற்பனையில் வந்த உயர்வு முழுவதையும் சந்தேகக் கணக்கில் சேர்க்கிறது இந்த முறை. போலிக் கடன் விற்பனையைப் பிடிக்க நல்லது. வேகமாக வளரும் நேர்மையான நிறுவனத்துக்கு அநியாயம்.

அதே கட்டுரை இன்னொரு சோதனையும் செய்தது. குறிப்பிட்ட அளவு அக்ரூவலைத் தாங்களே செயற்கையாகக் கூட்டி, மாடல்கள் அதைக் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்த்தார்கள். நடைமுறையில் நடக்கக்கூடிய அளவான, சொத்தில் ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரையிலான வளைப்பை எந்த மாடலும் நம்பகமாகப் பிடிக்கவில்லை. மறுபக்கம், லாபம் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உள்ள நிறுவனங்களில், வளைப்பே இல்லாதபோதும் இருக்கிறது என்று மாடல்கள் சொல்லின. திருடனைத் தவறவிட்டு, வழிப்போக்கரைப் பிடிக்கும் இரண்டு தவறும் ஒரே கருவியில். இதைச் சொன்ன கட்டுரையையே மேற்கோள் காட்டி, அதே மாடலை எச்சரிக்கையில்லாமல் பயன்படுத்திய கட்டுரைகள் ஏராளம். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம்.

இரண்டாவது தவறுக்கு மருந்தாக 2005-இல் கோத்தாரி, லியோன், வாஸ்லி ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதே ஆண்டில், அதே தொழிலில், சொத்தின் மீதான லாப விகிதம் மிக நெருக்கமாக உள்ள ஒரு ஜோடியைக் கண்டுபிடியுங்கள். இதன் எண்ணிலிருந்து அதன் எண்ணைக் கழியுங்கள். நன்றாக லாபம் ஈட்டும் நிறுவனத்தை அதேபோல் ஈட்டும் நிறுவனத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்ற நியாயம். ஆனால் விலை உண்டு. இரண்டு பிழையுள்ள எண்களைக் கழித்தால் பிழையின் பரவல் கூடும், ஏற்கெனவே பலவீனமான கருவி மேலும் பலவீனமாகும். ஜோடியாக வந்த நிறுவனமும் அதே காரணத்துக்காக அதே வளைப்பைச் செய்திருந்தால், கழித்தலில் உண்மையான வளைப்பும் சேர்ந்து அழிந்துபோகும்.

2018-இல் சென், ஹிரிபார், மெலெசா காட்டிய சிக்கல் புள்ளியியல் சார்ந்தது, ஆனால் விளைவு பெரியது. வழக்கமாக இரண்டு படி: முதல் படியில் ஜோன்ஸ் மாடலை ஓட்டி மீதியை, அதாவது உண்மையான அக்ரூவலுக்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, எடுப்பது. இரண்டாம் படியில் அந்த மீதியைச் சார்பு மாறியாக வைத்து, தணிக்கையாளரின் தரமோ வேறொன்றோ அதைப் பாதிக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாம் படியில் சேர்க்கும் மாறிகள் முதல் படியின் மாறிகளோடு தொடர்புள்ளவையாக இருந்தால் கெழுக்கள் சாய்ந்துவிடும். இல்லாத தொடர்பு இருப்பதாகத் தெரியலாம், இருப்பது மறையலாம். தீர்வு எளிமையானதுதான்: இரண்டு படிகளையும் ஒரே சமன்பாடாக ஓட்டுவது, அல்லது முதல் படியின் மாறிகளை இரண்டாம் படியிலும் சேர்ப்பது. ஆய்வு வழிகாட்டிகள் இதை மாணவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இந்தியத் தரவில் செய்தால் எங்கே தவறும்

அக்ரூவலைக் கணக்கிட இரண்டு வழி உண்டு. இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு ஆண்டு எண்களின் வித்தியாசத்தை எடுப்பது பழைய வழி. ரொக்க ஓட்ட அறிக்கையிலிருந்து நேராக எடுப்பது மற்றது. இரண்டாவதையே எடுங்கள். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கினால் கடனாளிகளும் சரக்கிருப்பும் ஒரே நாளில் எகிறும். அது விற்பனையால் வந்ததல்ல. இருப்புநிலை வழி இதை அக்ரூவல் என்று எண்ணிவிடும். 2002-இல் ஹிரிபாரும் காலின்ஸும் இதனால் எவ்வளவு பிழை வருகிறது என்று காட்டிவிட்டார்கள்.

அடுத்தது வட்டி. அமெரிக்க முறையில், கட்டிய வட்டி செயல்பாட்டு ரொக்கத்தில் கழியும். இந்தியாவில் இண்ட் ஏஎஸ் (இந்தியக் கணக்கியல் தரம்) 7-இன்படி, நிதி நிறுவனம் அல்லாதவை அதை நிதி நடவடிக்கையில் காட்டுகின்றன. வட்டி போன பிறகான லாபத்திலிருந்து வட்டி போகாத ரொக்கத்தைக் கழித்தால், கடன் அதிகமுள்ள நிறுவனத்தின் அக்ரூவல் வட்டித் தொகை அளவுக்குக் கீழே தெரியும். பிறகு 'கடன் அதிகமுள்ள நிறுவனங்கள் லாபத்தைக் குறைத்துக் காட்டுகின்றன' என்று ஒரு முடிவு வரும். அது வெறும் வகைப்பாட்டின் விளைவு. கட்டிய வட்டியை ரொக்கத்திலிருந்து கழித்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். பெற்ற வட்டியும் ஈவுத்தொகையும் முதலீட்டு நடவடிக்கையில் போவதால் அதற்கும் இதே கவனம் தேவை.

2019 ஏப்ரலிலிருந்து குத்தகைக்கான இண்ட் ஏஎஸ் 116 வந்தது. அதுவரை செயல்பாட்டுச் செலவாக இருந்த கடை வாடகையும் அலுவலக வாடகையும் பெரும்பகுதி நிதி நடவடிக்கைக்குப் போய்விட்டது, தேய்மானம் கூடியது. கிளைகள் நிறைந்த சில்லறை வணிக நிறுவனங்களில் அந்த ஆண்டு செயல்பாட்டு ரொக்கம் திடீரென ஏறியிருக்கும். 2019-க்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிடுவது ஆபத்து.

வங்கி, காப்பீட்டு நிறுவனங்களை மாதிரியிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றின் கதை வேறு, கடன் இழப்பு ஒதுக்கை வைத்து அவற்றுக்கெனத் தனி மாடல்கள் இருக்கின்றன. தொழில்-ஆண்டுக் குழுவில் குறைந்தது பத்து நிறுவனமாவது இல்லையென்றால் அந்தக் குழுவை விட்டுவிடுவது வழக்கம். பத்தும் போதுமா என்றால், மூன்று கெழுக்களைக் கணிக்கப் பத்துப் புள்ளி மிகக் குறைவு. பதினைந்து, இருபது என்று உயர்த்தி முடிவு நிற்கிறதா என்று பாருங்கள்.

ரொக்கத்தையே வளைத்தால்?

அக்ரூவலைத் தணிக்கையாளர் கேள்வி கேட்பார். ஆனால் விளம்பரத்தைக் குறைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். 2006-இல் சுகதா ராய்சவுத்ரி இந்த வகையை முறைப்படுத்தினார். கணக்குப் பதிவை மாற்றாமல் தொழில் நடத்தும் விதத்தையே மாற்றி லாபம் காட்டுவது: காலாண்டு முடியும் நேரத்தில் பெரிய தள்ளுபடி, ஆராய்ச்சி, விளம்பரச் செலவைத் தள்ளிப்போடுவது, தேவைக்கு மேல் உற்பத்தி.

மூன்றாவதுதான் பலருக்குப் புரியாது. நிலையான ஆலைச் செலவு 300 லட்சம், 10,000 பம்ப் தயாரித்து அத்தனையும் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 3,000 ரூபாய். அதே ஆலையில் 15,000 தயாரித்து 10,000 மட்டும் விற்றால் தலைக்கு 2,000. விற்றவற்றின் மீது ஏறிய நிலைச் செலவு 200 லட்சம்தான். மீதி 100 லட்சம் சரக்கிருப்பாக இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்துவிடுகிறது. கூடுதலாக ஒரு பம்ப்கூட விற்காமல் லாபம் 100 லட்சம் ஏறியது. உற்பத்தி வழக்கத்தைவிட மிக அதிகமாக இருக்கும்போது தலைக்குரிய நிலைச் செலவைக் குறைக்கத்தான் வேண்டும் என்று கணக்கியல் தரமே சொல்வதால், இதில் விதிமீறலும் இல்லை. கூடுதல் 5,000 பம்புக்கான மூலப்பொருளுக்கும் கூலிக்கும் ரொக்கம் வெளியே போய்விட்டது, சரக்கு கிடங்கில் துருப்பிடிக்கிறது. நிறுவனத்துக்கு உண்மையான நட்டம் இதில்தான். அளக்கும் முறை ஜோன்ஸ் மாடலைப் போன்றதே: விற்பனைக்குப் பொருந்தாத அளவுக்கு உற்பத்திச் செலவு அதிகமாக, செயல்பாட்டு ரொக்கம் குறைவாக, விருப்பச் செலவுகள் குறைவாக இருக்கின்றனவா என்று மூன்று மீதிகள். அதே பலவீனமும் இதற்கு உண்டு. அடுத்த ஆண்டு தேவை உயரும் என்று நம்பிச் சரக்கு சேர்த்தவரும் இந்த வலையில் விழுவார்.

நிர்வாகிகள் இதை உண்மையில் செய்கிறார்களா? கேட்டே பார்த்தார்கள். 2005-இல் வெளியான கிரஹாம், ஹார்வி, ராஜ்கோபால் ஆய்வில் 401 நிதி நிர்வாகிகள் பதிலளித்தார்கள். லாபம் ஏற்ற இறக்கமில்லாமல் தெரிய நீண்டகால மதிப்பைத் தியாகம் செய்யத் தயார் என்று 78 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். கணக்குப் பதிவில் கை வைப்பதைவிட, செலவைத் தள்ளிப்போடுவதையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள். 2002-இல் அமெரிக்காவில் நிறுவனக் கணக்குகள் மீது கட்டுப்பாட்டை இறுக்கிய சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தபின் அக்ரூவல் வழி குறைந்து, இந்த வழி கூடியது என்று கோஹன், டே, லிஸ் 2008-இல் காட்டினார்கள். காவல் போட்ட கதவை விட்டுவிட்டு வேறு கதவு வழியாகப் போயிருக்கிறார்கள், அதுவும் நிறுவனத்துக்கு அதிகச் செலவு வைக்கும் கதவு. ஒழுங்குமுறைகளின் பயனை எடைபோடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பூஜ்யத்தின் ஓரத்தில் ஒரு பள்ளம்

மாடலே வேண்டாம், படம் போதும் என்றார்கள் பர்க்ஸ்டாலரும் டிச்செவும், 1997-இல். ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் லாபத்தைச் சந்தை மதிப்பால் வகுத்துப் பட்டைப் படம் வரைந்தார்கள். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, அதாவது சிறு நட்டம் காட்டியவர்கள், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. சற்று மேலே சிறு லாபம் காட்டியவர்கள் மிக அதிகம். நட்டம் என்ற சொல்லைத் தவிர்க்க, விளிம்பில் நின்றவர்கள் எண்ணைத் தள்ளி அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது முடிவு. சிறு நட்டத்தில் இருந்திருக்க வேண்டியவர்களில் 30 முதல் 44 சதவீதம் பேர் அப்படிச் செய்தார்கள் என்று மதிப்பிட்டார்கள்.

பார்த்தவுடன் நம்பவைக்கும் படம் அது. 2005-இல் டர்ட்சியும் ஈஸ்டனும் அந்த வகுத்தலையே கேள்வி கேட்டார்கள். நட்ட நிறுவனத்தின் பங்கை முதலீட்டாளர் மதிக்கும் விதமும் லாப நிறுவனத்தின் பங்கை மதிக்கும் விதமும் வேறு. அதனால் விலையால் வகுக்கும்போது இரு பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வகுக்காமல், பங்குக்கு எத்தனை காசு லாபம் என்று அப்படியே வரைந்தால் பள்ளம் அப்படித் தெரியவில்லை என்றார்கள். 2007-இல் பீவர், மெக்நிக்கல்ஸ், நெல்சன் வேறொரு காரணம் சொன்னார்கள்: வரி லாப நிறுவனத்தைப் பூஜ்யத்தை நோக்கி இழுக்கிறது, ஒருமுறைச் செலவுகள் நட்ட நிறுவனத்தைப் பூஜ்யத்திலிருந்து தள்ளிவிடுகின்றன. யாரும் கை வைக்காமலேயே பள்ளத்தின் ஒரு பகுதி விழும். பர்க்ஸ்டாலர் தரப்பும் பதில் எழுதியது. 2015-இல் கில்லியம், ஹெஃப்லின், பேட்டர்சன் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லிக்குப் பிறகு அந்தப் பள்ளமே காணாமல் போய்விட்டது என்று காட்டினார்கள். வகுத்தலும் வரியும் மட்டுமே காரணமென்றால் அவை 2002-க்குப் பிறகும் இருந்தனவே, பள்ளம் ஏன் போக வேண்டும்? என் பார்வையில் பர்க்ஸ்டாலர்-டிச்செவுக்குக் கிடைத்த வலுவான ஆதரவு இதுதான். ஆனால் 30 முதல் 44 என்ற அளவை அப்படியே எடுத்துக்கொள்ள இது போதாது.

சத்யம் சொல்லும் பாடம் வேறு

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஏடுகளில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் காலாண்டில் 649 கோடி என்று காட்டிய செயல்பாட்டு லாபம் உண்மையில் 61 கோடி.

இவ்வளவு பெரிய மோசடியை ஜோன்ஸ் மாடல் பிடித்திருக்குமா? மாடல் நிற்கும் அடித்தளத்தைப் பாருங்கள்: ரொக்கம் உண்மை, அக்ரூவல்தான் சந்தேகத்துக்குரியது. சத்யத்தில் போலி லாபத்தின் பெரும்பகுதி போலி ரொக்கமாகவே பதிவானது. லாபமும் ஏறியது, ஏட்டில் ரொக்கமும் ஏறியது. இரண்டின் வித்தியாசமான அக்ரூவலில் பெரிய தடயம் மிஞ்சாது. கடிதத்தில் சொன்ன கடனாளிகள் மிகைப்பு 490 கோடிதான். வங்கியிடம் நேரடியாக எழுதி இருப்பை உறுதிசெய்வது என்ற, தணிக்கையின் மிகப் பழைய வேலை செய்ய வேண்டிய இடம் அது. எந்தக் கெழுவும் அதற்கு மாற்று இல்லை.

மோசடியையே முன்கூட்டிக் கணிக்கும் முயற்சி தனிக் கிளையாக வளர்ந்திருக்கிறது. 1999-இல் மெஸோட் பெனிஷ் எட்டு விகிதங்களைச் சேர்த்து, கணக்கு வளைப்பின் வாய்ப்பைச் சொல்லும் எம்-ஸ்கோர் கொடுத்தார். அண்மைக் காலமாக எந்திரக் கற்றல் வந்துவிட்டது. 2020-இல் அமெரிக்க நிறுவனங்களின் மோசடியை இப்படிக் கணித்த ஒரு கட்டுரை தன் தரவையும் நிரலையும் பொதுவில் வைத்தது. இன்னொருவர் அதை மறுபடி ஓட்டிப் பார்த்து, பல ஆண்டு தொடரும் ஒரே மோசடி பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் கலந்திருப்பதில் சிக்கல் கண்டார். ஆசிரியர்கள் திருத்தம் வெளியிட்டார்கள். விடை முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தால் மதிப்பெண் உயர்வதில் வியப்பில்லை. நிரலைத் திறந்து வைத்ததால்தான் பிழை வெளியே வந்தது என்பதை நான் அந்த ஆசிரியர்களுக்குப் பெருமையாகவே சொல்வேன்.

எந்த மாடலானாலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 1,000 நிறுவனங்கள், உண்மையில் மோசடி செய்தவை 10. மாடல் பத்தில் ஏழைப் பிடிக்கிறது, நல்ல நிறுவனங்களில் 10 சதவீதத்தைத் தவறாகச் சுட்டுகிறது என்று வைப்போம். 990-இல் 99 தவறான குற்றச்சாட்டு. சுட்டிய 106-இல் 7 மட்டுமே உண்மை. முதலீட்டாளருக்கு இது எச்சரிக்கைப் பட்டியலாக உதவும். ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டு 'மோசடி' என்று எழுத உதவாது.

இவ்வளவுக்குப் பிறகு, லாப மேலாண்மை உண்மையில் எவ்வளவு பரவலானது? 2013-இல் ரே பால், அது எங்கும் நிறைந்திருக்கிறது என்ற நம்பிக்கையே சந்தேகத்துக்குரியது என்று எழுதினார். தணிக்கை, வழக்கு, நற்பெயர் என்று இத்தனை தடைகள் இருக்கும்போது, மோசமான கருவியின் மீதியை வைத்து எல்லோரையும் குற்றவாளி ஆக்குகிறோம் என்பது அவர் வாதம். மறுபக்கம், 401 பேர் தாங்களே ஒப்புக்கொண்டது இருக்கிறது. நான் ரே பால் பக்கம் பாதி தூரம் போவேன். அக்ரூவல் மீதிகளை மட்டும் வைத்துப் பரவலைச் சொல்ல முடியாது என்பதில் அவர் சொல்வது சரி. ஆனால் செலவைத் தள்ளிப்போடும் வகை அன்றாடம் நடக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு தனி நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கிறீர்கள் என்றால், மாடலைவிடக் குறிப்புகள் அதிகம் சொல்லும். எந்திரத்தின் ஆயுளை மாற்றினால், மாற்றத்தின் தன்மையையும் தொகையையும் குறிப்பில் சொல்ல வேண்டும் என்று இண்ட் ஏஎஸ் 8 கேட்கிறது. நம் பம்ப் நிறுவனத்தின் 20 லட்சம் அங்கே வெளிப்படையாக இருக்கும். கடனாளிகளின் வயதுப் பட்டியலை, ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டத்தின் 2021-இல் திருத்திய மூன்றாம் அட்டவணை சொல்கிறது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட பாக்கி கூடிக்கொண்டே போகும் ஆண்டில் ஐயக்கடன் ஒதுக்கு 20-இலிருந்து 10-ஆகக் குறைந்திருந்தால், அந்த இரண்டு வரியையும் அருகருகே எழுதி வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் காரணம் கேளுங்கள்.